நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை: ஒரு வேன் வாடகைச் சேவை

நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடும்பத்தோடு போக வேன் தேடுபவர்களுக்காக, நகரத்தில் இயங்கும் ஒரு சிறிய வாடகைச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அம்மா, பெரியம்மா, அக்காவின் பிள்ளைகள் ஆகியோருடன் அவர்களது கே.டி.எச். வேனில் போய்வந்தோம். கணக்கு விடயத்தில் எனக்கு மனவருத்தம் இருப்பதால் சேவையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் சாரதியைப் பொறுத்தவரை, இந்தப் பாதைக்கு இவரைவிடப் பொருத்தமானவரை நான் கண்டதில்லை.

இறம்பொடை வளைவுகளிலேயே அது தெரிந்துவிட்டது. அந்த இறக்கத்தில் பலர் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார்கள். வண்டி குலுங்கும், பின்னால் இருக்கும் வயதானவர்களுக்குத் தலை சுற்றி வாந்தி வரும். இவரோ கியரைக் குறைத்து, எஞ்சினின் பிடியிலேயே வேனை இறக்கி, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைத் தணித்துக்கொண்டார். பஸ்ஸில் கம்பளை போய்ச் சேர்வதற்குள் துவண்டுவிடும் பெரியம்மா, புசல்லாவையில் தெம்பாக இறங்கித் தேநீர் கேட்டார்.

கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை சுமார் 320 கிலோமீற்றர் நீளமானது. மாத்தளையில் முத்துமாரியம்மனை வணங்கிவிட்டுப் புறப்பட்டால், பௌத்த மறைநூலான திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படும் அலுவிகாரையும், திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த நாலந்தா கெடிகேயும், தம்புள்ளைக் குகை விகாரையும் அடுத்தடுத்து வருகின்றன. விகாரைக்குள் போகுமுன் பிள்ளைகளின் தொப்பியைக் கழற்றச் சொன்னதும், தோள் மூடிய உடை இருக்கிறதா என்று பார்த்ததும், வாசலில் இருந்தவர்களோடு சிங்களத்தில் மரியாதையாகப் பேசி அம்மாவுக்கு உட்கார இடம் கேட்டதும் சாரதிதான். வாடகைக் கட்டணத்தில் இவையெல்லாம் அடங்குவதில்லை.

எங்கள் மனதைத் தொட்டது மதவாச்சியில் நடந்தது. மன்னாருக்கான வீதி இடப்பக்கம் பிரியும் இடத்தில் வேனை ஓரங்கட்டி, "அம்மா, தலைமன்னார்ல எறங்குனவங்க இந்தப் பக்கமாத்தான் நடந்து வந்தாங்க" என்றார். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் 1820களில் தொடங்கிய அந்த நடைப்பயணத்தில் காடும் தாகமும் கொலராவும் கொண்டுபோன உயிர்கள் ஏராளம். மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்ததும் அதே தடத்தில்தான். நாங்கள் மெத்தை இருக்கையில் அமர்ந்து எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெறுமனே வண்டி ஓட்டுபவராக இருந்திருந்தால் அந்தச் சந்தியை நாங்கள் கவனிக்காமலே கடந்திருப்போம்.

வவுனியாவுக்கு அப்பால் இருட்டிய பின்பு மாடுகள் வீதியில் படுத்துக்கிடக்கும் என்பதால் இரவில் ஓட்ட மறுத்து, எங்களை வவுனியாவிலேயே தங்கச் சொன்னார். அது சரியான முடிவு. மறுநாள் முறிகண்டிப் பிள்ளையாரிடம் வழக்கம்போல் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். தமிழர்களுக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சியில் குடியேறிய உறவினர் வீட்டுக்கும் போனோம். திட்டத்தில் இல்லாத அந்த நிறுத்தத்துக்குச் சாரதி முகம் சுளிக்கவில்லை.

வேனில் ஒரு குறை உண்டு. நுவரெலியாக் குளிரில் ஏசி தேவைப்படாததால் யாரும் அதைச் சோதிப்பதில்லை போலும். தம்புள்ளையைத் தாண்டி வெயில் ஏறியதும் பின் இருக்கைக்குக் குளிர்காற்று போதவில்லை. ஆனையிறவு உப்பு வெளியைக் கடக்கும்போது பிள்ளைகள் வியர்த்து நனைந்துவிட்டார்கள். புறப்படுவதற்கு முன் பின்வரிசையில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுப் பாருங்கள்.

கணக்குக்கு வருகிறேன். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் கட்டணத்தில் அடங்கும் என்பதைத் தொலைபேசியில் மட்டுமே சொன்னார்கள். திரும்பி வந்ததும் மேலதிகத் தூரம், சாரதியின் தங்குமிடம், கிளிநொச்சியில் காத்திருந்த நேரம் எனத் தனித்தனியாகச் சேர்த்தார்கள். சாரதிக்கு நல்ல உணவும் படுக்கையும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அந்தத் தொகையை முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. காத்திருப்புக் கட்டணத்தைப் பேசிக் குறைத்தோம், மற்றவற்றைக் கொடுத்தோம். நீங்கள் பதிவு செய்யும்போது இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்குப் பாதையில் பழகிய, இரு மொழியும் பேசும் சாரதிதான் வேண்டும் என்றும் கேளுங்கள். அவர்களிடம் எல்லாச் சாரதிகளும் அப்படிப்பட்டவர்கள் அல்லர்.