ட்வைன்: கோடிங்கும் வராது, வரையவும் வராது என்பவர்களுக்கு ஒரு கேம் கருவி

புரோகிராமிங் தெரியாது, படம் வரையவும் கை வராது, ஆனாலும் ஒரு கேம் செய்தே ஆகணும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் தொட வேண்டியது ட்வைன் என்ற இலவசக் கருவியைத்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இந்த ஆசையோடு இருக்கிற பிள்ளைகள் நம் பக்கம் நிறையப் பேர், அவர்களில் பலர் நேராகப் போய் நிற்பது ஏதாவது ஒரு கோச்சிங் சென்டர் வாசலில். என் சித்தப்பா மகன் பிளஸ் டூ முடித்த கையோடு கோயம்புத்தூரில் அப்படி ஓர் இடத்துக்குப் போனான். வெளியே ‘கேம் டிசைன்’ என்று போர்டு, உள்ளே சொல்லிக்கொடுப்பது முழுக்க 3டி மாடலிங், கட்டணம் லட்சத்துக்கு மேல். விளையாட்டின் விதியை எப்படி யோசிப்பது, ஆடுகிறவருக்கு எந்த இடத்தில் சலிப்புத் தட்டும், எந்த இடத்தில் கை நிற்கும் என்பதற்கு அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு வகுப்புகூட இல்லை. கதை சொல்வதில் கெட்டிக்காரப் பையன் அவன். ‘உனக்கு டிராயிங் வராது, இது உனக்குச் சரிப்படாது’ என்று அங்கே சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்தக் கோபத்தில்தான் நான் இந்தக் கருவியைத் தேடி எடுத்தேன்.

ட்வைனை 2009ல் வெளியிட்டவர் கிறிஸ் கிளிமாஸ். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, அக்கவுண்ட் திறக்கச் சொல்லாது. ட்வைனரி தளத்தில் பிரவுசரிலேயே திறந்து வேலை செய்யலாம், இல்லை விண்டோஸ், மேக், லினக்ஸ் எதற்கு வேண்டுமோ இறக்கி வைத்துக்கொள்ளலாம். இதில் செய்வது எழுத்து விளையாட்டு: ஆடுகிறவர் ஒரு பத்தியைப் படிக்கிறார், கீழே இருக்கிற இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தொடுகிறார், கதை அந்தப் பக்கம் திரும்புகிறது. திரையில் நீங்கள் பார்ப்பது பெட்டிகளும் அவற்றை இணைக்கிற அம்புக்குறிகளும்தான். ஒரு பெட்டியைத் திறந்து எழுத வேண்டியதை எழுதிவிட்டு, வழிகளை மட்டும் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும். அந்தப் பெயரில் பெட்டி இல்லையென்றால் ட்வைனே புதிதாக ஒன்றைத் திறந்து அம்பு போட்டு வைத்துவிடும். தமிழ் யூனிகோடில் எழுதினால் அப்படியே ஏற்றுக்கொள்கிறது, பெட்டிக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்குகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிக்கிற வேலை. கேம் என்றதும் வாளும் டிராகனும் எனக்குத் தோன்றவில்லை, தினமும் பார்க்கிற ஆர்டர்தான் தோன்றியது. லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரி) அப்ரூவல் வாங்கியதிலிருந்து பெட்டி கன்டெய்னரில் ஏறுகிற வரை ஒரு ஆர்டரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் விளையாட்டு. அதில் ஒரு பெட்டி இப்படிப் போகிறது:

காலை 9 மணி. டையிங்கிலிருந்து போன். “அண்ணா, நேவி லாட்ல ஷேட் கொஞ்சம் மாறி வந்திருக்குங்க. என்ன பண்றதுங்க?”

[[அப்படியே கட்டிங்குக்கு அனுப்பச் சொல்->கட்டிங்]]
[[ரீ-டையிங் போடச் சொல்->சாயப்பட்டறை]]
[[பையருக்குப் போட்டோ எடுத்து மெயில் போடு->மெயில்]]

அம்புக்கு இடப்பக்கம் இருப்பது ஆடுகிறவர் கண்ணில் படும், வலப்பக்கம் இருப்பது போய்ச் சேருகிற பெட்டியின் பெயர். இவ்வளவுதான் அடிப்படை. இதற்கு மேல் வேண்டுமென்றால் வேரியபிள், அதாவது ஆட ஆட மாறுகிற கணக்கு, இருக்கிறது. ஷிப்மென்ட்டுக்கு எத்தனை நாள் மிச்சம், கையில் எவ்வளவு பணம், பையருக்கு நம் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று மூன்றை வைத்துக்கொண்டேன். ரீ-டையிங் போட்டால் நாள் குறையும். நாள் மிகவும் குறைந்துபோனால், பல பெட்டி தள்ளி, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகிற செலவாக வந்து தலையில் விழும். ‘நாள் இத்தனைக்குக் கீழே போனால் இந்தப் பத்தியைக் காட்டு’ என்று எழுதுவதும் ஒருவகையில் புரோகிராமிங்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது எக்செல்லில் ஃபார்முலா போடத் தெரிந்தவருக்குப் பயம் தராத அளவு. வேரியபிள் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கருவி எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு ஒன்று. பவர்டேபிள் (தையல் யூனிட்) நடத்துகிற நண்பர் ஒருவரிடம் போனில் கொடுத்து ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஆசை ஆசையாக எழுதிய வர்ணனைகளை எல்லாம் விரலால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். சனிக்கிழமை சம்பளம் வருகிற பெட்டியில் வந்து நின்றார். கையில் இருக்கிற பணத்தை டெய்லர்களுக்குக் கொடுத்தால் டையிங் பில்லுக்குப் போதாது, பில்லைக் கட்டினால் திங்கட்கிழமை லைனில் பாதி மிஷின் காலி. “இதுல எதைத் தொட்டாலும் தப்புங்களே” என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தொடவே இல்லை. அந்த ஒரு இடத்தில்தான் நான் எழுதியது விளையாட்டாகி இருந்தது. மற்றதெல்லாம் வாசிப்பு. திரும்ப வந்து பாதி வர்ணனையை வெட்டினேன், அந்த மாதிரி முடிச்சு இன்னும் எங்கே எங்கே விழும் என்று தேட ஆரம்பித்தேன். கேம் டிசைன் என்று சொல்கிற வேலை இந்த முடிச்சுப் போடுகிற வேலைதான், கோடிங்கும் ஓவியமும் அதற்குப் பின்னால் வருகிறவை. நம் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கீறிய கோடு, 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். அடைத்தால் புலி தோற்கும், தாண்டினால் ஆடு போகும் என்ற விதியிலேயே மொத்த விறுவிறுப்பும் இருக்கிறது. அதை யோசித்தவருக்கு வரையத் தெரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இனிக் குறைகள். முதலாவது பெரியது: பிரவுசரில் எழுதினால் எல்லாம் அந்தப் பிரவுசரின் நினைவில்தான் கிடக்கும். ஹிஸ்டரியோடு சேர்த்து சைட் டேட்டாவையும் அழித்தால் கதையும் போச்சு. சஃபாரி பிரவுசரோ 7 நாள் அந்தத் தளத்தைப் பயன்படுத்தாமல் விட்டாலே தானாகத் துடைத்துவிடக்கூடியது. பிரவுசிங் சென்டரிலோ காலேஜ் லேபிலோ உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைகள் எழுந்திருக்கும்போதெல்லாம் கதைகளின் நகலான ஆர்க்கைவ் ஃபைலை இறக்கித் தங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ள வேண்டும். சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், அது கதையை ஃபைலாகவே சேமிக்கிறது.

அடுத்தது, ஆடுகிறவர் பார்க்கிற தோற்றத்தைத் தீர்மானிக்கிற ‘கதை வடிவங்களில்’ ஹார்லோ என்பதுதான் முதலில் அமைந்து வரும். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஓரத்தில் பின்னே போகிற அம்பு. அந்த அம்பு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் விமானச் செலவு விழுந்தவுடன் எல்லோரும் அதைத் தட்டிப் பின்னே போய் வேறு வழியைத் தொட்டுவிடுகிறார்கள். எடுத்த முடிவுக்கு அப்புறம் என்ன மதிப்பு இருக்கிறது? தோற்றத்தை மாற்றுகிற ஸ்டைல்ஷீட்டில் சின்ன வரி ஒன்று சேர்த்தால் மறைத்துவிடலாம். எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றுவதும் அதே இடத்தில்தான். ஆனால் இதையெல்லாம் விளக்குகிற ட்வைன் குக்புக் இருப்பது ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இதுதான் உண்மையான தடை, கருவி அல்ல. பெட்டிகள் பெருகப் பெருக அம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நூல்கண்டு சிக்கிய மாதிரி ஆகிவிடும். போன் திரையில் அதை இழுத்து நகர்த்துவது கஷ்டம்.

வெளியிடுவது சுலபம். ‘பப்ளிஷ்’ கொடுத்தால் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல் வரும். அதை இட்ச் டாட் ஐஓ தளத்தில் ஏற்றினால் யாரும் பிரவுசரிலேயே ஆடலாம், லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். அங்கே ஏற்ற கட்டணம் இல்லை. விற்றால் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நாமே வைக்கலாம், மாற்றாமல் விட்டால் 10 சதவீதம். ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர் கட்ட வேண்டும். முதல் கேமுக்கு அது வேண்டாம்.

வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ட்வைன் மட்டும் தெரிந்தால் யாரும் வேலை தரமாட்டார்கள். பெரிய ஸ்டூடியோக்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத் பக்கம்தான், கொங்கு நாட்டில் தேடினால் வாய்ப்பு குறைவு. ஆனால் அந்த ஸ்டூடியோக்களில் கோடும் போடாமல் வரையவும் செய்யாமல் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்: கதை எழுதுகிறவர், லெவல் டிசைனர், டெஸ்டர், மொழிபெயர்ப்பாளர், நாள் கணக்குப் பார்த்து எல்லோரையும் இழுத்துப் பிடிக்கிற புரொடியூசர். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் பார்க்கிற வேலைக்கும் புரொடியூசர் வேலைக்கும் பெரிய தூரம் இல்லை. அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ‘எனக்குக் கேம் ரொம்பப் பிடிக்கும்’ என்று எழுதுவதைவிட, பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கிற முழு விளையாட்டு ஒன்றின் லிங்க் பேசும். முடிக்காமல் கிடக்கிற பெரிய கனவுக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

எழுத்து வேண்டாம், திரையில் ஏதாவது ஓடணும் குதிக்கணும் என்றால் ட்வைன் அதற்கு ஆகாது. அவர்கள் ஜிடெவலப் என்ற கருவியின் பக்கம் போகலாம். அதிலும் கோட் எழுதாமல் ‘இது நடந்தால் இதைச் செய்’ என்று வரிசையாக அடுக்கி வேலை நடக்கும், படங்களுக்குக் கென்னி என்ற தளத்தில் உரிமைச் சிக்கல் இல்லாமல் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். என் தம்பி இப்போது ட்வைனில் ஈரோடு மஞ்சள் மண்டியை வைத்து ஒன்று எழுதுகிறான். ஏலத்தில் இன்றைக்கு விற்பதா, விலை ஏறும் என்று இருப்பு வைப்பதா என்பதுதான் அவன் முடிச்சு, அதில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாமல் இப்போதைக்கு நிற்கிறான்.