சக்செற்றன் அரைநாள் கன்யனிங்: திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் பணம் கட்டுமுன்

ஜூலை, ஓகஸ்ற்றில் சுவிசுக்கு உறவினரிடம் போகிற எங்கள் ஊர்ச்சனம் இன்டர்லாக்கனை எட்டிப் பார்க்காமல் திரும்புவது குறைவு. போன இடத்தில் பெடியள் கன்யனிங் (மலைப்பள்ளத்து ஓடையோடு குதித்தும் சறுக்கியும் கயிற்றில் இறங்கியும் போகிற விளையாட்டு) போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். அதற்குப் பெரும்பாலும் விற்கப்படுவது வில்டர்ஸ்வில்லுக்கு மேலே உள்ள சக்செற்றன் பள்ளத்தில் நடக்கும் அரைநாள் பயணம். ஆளுக்கு நூறு பிராங்குக்கு மேல் போகும். முதல்முறை போகிறவருக்கு அந்தக் காசு தகும், காலைப் பயணமாக இருந்தால். கிரிம்சல் என்கிற வேறொரு இடத்துப் பயணத்தையும் காட்டுவார்கள். அது கருங்கல் பள்ளம், தொடக்கமே பெரிய கயிற்றிறக்கம். அதை அடுத்த முறைக்கு வையுங்கள்.

அரைநாள் என்றாலும் வான் வண்டியில் போவது, உடுப்பு மாற்றுவது, நடப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தண்ணீருக்குள் நிற்பது அதில் பாதி இருந்தால் நல்லது. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இராவணன் வெட்டில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு இடத்தின் ஒடுக்கம் விளங்கும். பாறைதான் வேறு. அந்தப் பக்கத்து மலைகளில் சுண்ணாம்புப் பாறை நிறைய. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போல ஓட்டை விழுந்து காலைக் கிழிப்பதல்ல அது. ஓடும் தண்ணீர் தேய்த்துத் தேய்த்து, மினுக்கிய சீமெந்துத் தரைபோல வழவழப்பாக்கியிருக்கும். அதனால்தான் முதுகால் சறுக்க முடிகிறது, அதனால்தான் நடக்கும்போது வழுக்கி விழுகிறார்கள். கணுக்கால் சுளுக்கிறது குதிக்கும்போதுதான் என்று நினைக்காதீர்கள், ஓடையில் குதிக்கிற ஒரு நீர்க்குழியிலிருந்து அடுத்ததுக்கு நடக்கும்போதும் சுளுக்கும்.

சேவையின் தரத்தை அளக்க முதலில் பார்க்கவேண்டியது வெற்சூட், அதாவது தண்ணீருக்குள் உடம்புச் சூட்டைக் காக்கும் நியோபிறீன் என்கிற இறப்பர் உடுப்பு. நிலாவெளியில் புறாமலைக்குப் போக வாடகைக்கு எடுக்கும் 3 மில்லிமீற்றர் சூட் இங்கே உதவாது. எங்கள் கடல் 28 பாகை, அந்தத் தண்ணீர் கோடையிலும் பத்துப் பாகையைச் சுற்றித்தான். நல்ல இடத்தில் 5 மில்லிமீற்றர் நீளச்சூட்டும், அதற்கு மேல் இன்னொரு 5 மில்லிமீற்றர் ஜக்கெற்றும் தருவார்கள். நெஞ்சுக்கு 10 மில்லிமீற்றர் ஆகிவிடும். நியோபிறீன் காலுறையும் வேண்டும். சூட் இறுக்கமாக இருக்கவேண்டும். கழுத்தடியில் இரண்டு விரல் தாராளமாகப் போனால் ஒவ்வொரு குதிப்பிலும் உள்ளே சூடேறிய தண்ணீர் வெளியேறிப் பச்சைத்தண்ணீர் புகும், அரை மணியில் கை நடுங்கத் தொடங்கும். கூச்சப்படாமல் சின்ன அளவு கேளுங்கள். உள்ளே நீச்சலுடைதான், பருத்தி ரீசேர்ட் போடவேண்டாம்.

எங்கள் பெடியளுக்கு ஒரு கண்டிப்பு: ஜெற்றியில் தலைகீழாய்ப் பாய்ந்த பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கால்கள் சேர்த்து, முழங்கால் சற்றே மடித்து, கைகளை நெஞ்சோடு வைத்து, கண் எதிர்ச்சுவரில். 5 மீற்றரிலிருந்து விழுந்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீற்றர். கை விரிந்திருந்தால் தோள் கழரும். வழிகாட்டி விரலால் காட்டிய இடத்திலேயே விழவேண்டும், ஒரு மீற்றர் தள்ளினால் தண்ணீருக்கடியில் கல் இருக்கலாம். அருவி விழும் இடத்து வெள்ளை நுரையில் காற்றுக் கலந்திருப்பதால் அது ஆளைத் தாங்காது. உப்புத்தண்ணீரின் தாங்கலும் அங்கே கிடையாது. எந்தக் குதிப்பும் கட்டாயமில்லை. மாட்டேன் என்றால் கயிற்றில் இறக்கிவிடுவார்கள், அதற்கு முகம் சுளிக்கிற வழிகாட்டி நல்ல வழிகாட்டி இல்லை.

சறுக்கலில் மல்லாந்து படுத்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து, முழங்கைகளை உள்ளே அடக்கவேண்டும். வேகத்தைக் குறைக்க எண்ணிக் கையை ஊன்றுகிறவருக்குத்தான் முழங்கை உடைகிறது.

கயிற்றிறக்கத்தில் இடுப்பில் கட்டும் பட்டியான ஹார்னசில் கொழுவிய எட்டு வடிவ அலுமினிய வளையம்தான் எல்லாம். கயிறு பெரிய வளையத்துக்குள்ளால் வந்து கழுத்தைச் சுற்றிப் போகும், அந்த உரசல்தான் தடை. கீழ்க்கயிற்றை வலக்கையால் இடுப்புக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தால் நிற்பீர்கள், தளர்த்தினால் இறங்குவீர்கள். அந்தக் கையை எதற்காகவும் விடக்கூடாது. பயத்தில் சுவரைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தால் கால் வழுக்கி முகம்தான் பாறையில் மோதும். கால்களை அகட்டி, பாதம் முழுக்கப் பதித்து, கதிரையில் இருக்கிறமாதிரிப் பின்னே சாயுங்கள். நீளமுடி உள்ளவர்கள் அதை ஹெல்மெற்றுக்குள் செருகவேண்டும். வளையத்தில் முடி சிக்கினால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு எடுப்பது பெரும்பாடு.

காலைப் பயணம் என்று சொன்னதன் காரணம் பின்னேர இடிமழை. மூதூரில் துளி விழாமலே மலைநாட்டு மழையால் மகாவலி பெருகுவதை நாங்கள் அறிவோம். அங்கே நாட்கணக்கில் வருவது இங்கே நிமிடக்கணக்கில் வரும். 1999 ஜூலை 27இல் இதே சக்செற்றன் பள்ளத்தில் மேலே பெய்த மழையின் வெள்ளம் 21 பேரைக் கொன்றது. அவர்களில் மூவர் வழிகாட்டிகள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென மிதந்து வந்தாலோ ஏறவேண்டும், கேள்வி பிறகு. வானிலைக்காகப் பயணத்தை நிறுத்தினால் முழுப்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். திரும்பாது என்கிற இடத்தில் பணம் கட்டவேண்டாம்.

2014 ஜனவரி 1 முதல் சுவிசில் இப்படிக் காசுக்குக் கூட்டிப்போக அனுமதிப்பத்திரமும், குறைந்தது 50 இலட்சம் பிராங்குக்குப் பொறுப்புக் காப்புறுதியும் சட்டப்படி வேண்டும். ஆனால் அது அவர்களுடைய பிழைக்கான காப்புறுதி. உங்கள் கால் வழுக்கி முறிந்தால் விசாவுக்கு எடுத்த பயணக் காப்புறுதிதான் கைகொடுக்கவேண்டும். பல காப்புறுதிகளில் இவ்வகை விளையாட்டுகளை விலக்கியிருக்கும். கொழும்பில் பத்திரம் எடுக்கும்போதே அந்தப் பக்கத்தை வாசியுங்கள்.

தாலிக்கொடி, காப்பு, மோதிரம், மூக்குத்தி எல்லாவற்றையும் உறவினர் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வெளிக்கிடுங்கள். குளிர்ந்த விரல் சுருங்கும், மோதிரம் தானாகக் கழன்றுவிடும். சூட்டை உருவும்போது சங்கிலி அறும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் கட்டும் பட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.