விளக்குத்தூண் பக்கம் ஈயம் பூசுகிறவர்: கூலி அதிகம், ஆனாலும் போகலாம்

மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்து ஒன்றில் போர்டு கூட இல்லாமல், ஒரு கரி அடுப்பையும் ப்ளோயரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் இந்த அண்ணன். மாமியார் காலத்துப் பித்தளைத் தவலையையும் ஓர் உருளியையும் அவரிடம் கொடுத்து ஈயம் பூசி வாங்கினேன். கூலி, மற்றவர்கள் கேட்பதைவிட கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. "வெள்ளீயம் விக்கிற விலைக்கு இதுவே கம்மிக்கா" என்றார்.

அது உண்மைதான். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம் (டின்). காரீயம் (லெட்) வேறு, அது விஷம். காரீயத்தைவிட வெள்ளீயம் பல மடங்கு விலை. கலப்படம் நடப்பதே அதனால்தான். காரீயம் சேர்த்தால் சீக்கிரம் உருகும், கூலியையும் குறைத்துச் சொல்லலாம். நாமோ தினமும் புளி ஊற்றிச் சமைக்கிறவர்கள். புளிப்பு பட்டால் காரீயம் கரைந்து குழம்பில் இறங்கும். ருசியில் ஒன்றும் தெரியாது. உள்ளே போனது எலும்பில் வருஷக்கணக்கில் தங்கிவிடும். பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு. பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். சின்னக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக அதை உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாதாம். சரி, பூச்சே வேண்டாம் என்று வெறும் பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு இறங்கும். ஒழுங்காக ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் சமையலுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது.

இவரிடம் எனக்குப் பிடித்தது, கேட்டதும் முகம் சுளிக்காமல் ஈயக் கம்பியைக் கையில் கொடுத்ததுதான். காதோரம் வைத்து வளைக்கச் சொன்னார். நறநறவென்றது. சுத்த வெள்ளீயம் அப்படித்தான் சத்தம் போடும். காரீயம் சத்தமில்லாமல் மடங்கும், காகிதத்தில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழும். லேசாகக் கலந்திருந்தால் இதெல்லாம் காட்டிக்கொடுக்காது, லேப்புக்குத்தான் போகவேண்டும். ஆனால் உருக்குவதற்கு முன்னால் காட்டுகிற ஆளே ஊரில் எத்தனை பேர்?

அப்புறம் தவலையைக் கரியில் சூடேற்றி நவச்சார உப்பைத் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை. கம்பியை உள்ளே இழுத்ததும் உருகியது. பஞ்சால் ஒரு சுழற்று, தவலையின் உள்பக்கம் பூராவும் வெளுத்துவிட்டது. கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், புகைதான் விடாது. எனக்குத் தொண்டை கமறிவிட்டது. அவர் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டுவதில்லை, சொன்னேன், சிரிக்கிறார்.

குறையும் உண்டு. உருளி விளிம்பில் ஒரு இடம் திட்டாக விட்டுப்போயிருந்தது. திருப்பிக் காட்டியதும் காசு கேட்காமல் சரிசெய்தார். சாயங்காலம் தருகிறேன் என்றால் மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இவர் விற்பதில்லை. அதற்கு வேறொரு பாத்திரக்கடைக்குப் போனேன். பில்லில் 'சுத்த வெள்ளீயம்' என்று எழுதித் தரச் சொன்னதும் கடைக்காரர் பேச்சை மாற்றினார். வாங்காமல் வந்துவிட்டேன். ரசம் இப்போதைக்கு எவர்சில்வரில்தான் கொதிக்கிறது.

பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கம்பி நாரும் வேண்டாம். கல்யாண அண்டா மாதிரி பெரிய உருப்படி என்றால் ஆடியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஆவணி பிறந்துவிட்டால் அண்ணனைப் பிடிக்க முடியாது.