நூற்பாலை ஊரின் உயர்நிலைப் பள்ளியும் அதன் பெற்றோர் ஆசிரியர் கழகமும்: ஒரு மதிப்புரை

ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர், கட்டடம் எப்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எவ்வளவு, பேருந்து வசதி உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகம் எப்படி நடக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கும்போது, கல்வித்துறை தரும் பாடநூல், சீருடை, சத்துணவு ஆகியவற்றோடு இந்தக் கழகத்தின் சேவையையும் நாம் சேர்த்தே பெறுகிறோம். என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் இப்போது பத்தாம் வகுப்பு வரை அந்தச் சேவையை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். அது எதைச் சிறப்பாகச் செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது, எதைச் செய்யவே கூடாது என்று நான் கருதுகிறேன் என்பதை, புதிதாகச் சேரும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதில் சொல்லப்படுபவை பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்கும் பொருந்தக்கூடியவை.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் சூழ்ந்த பகுதியில் இருக்கிறது. பெற்றோரில் பாதிப் பேர் ஆலையில் முறை வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் விவசாயக் கூலி, நூறு நாள் வேலை, கட்டட வேலை என்று இருப்பவர்கள். வீட்டில் உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தரப் பெரியவர்கள் எவரும் இல்லாத பிள்ளைகளே வகுப்பில் அதிகம் என்பதால், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் நடக்கும் சிறப்பு வகுப்புதான் இப்பள்ளியின் உயிர்நாடி. ஆசிரியர்கள் கூடுதல் ஊதியமின்றித் தங்கிப் பாடம் நடத்துகிறார்கள். மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை மாலை ஆறரை வரை பசியோடு உட்கார்ந்தால் கணக்கு எப்படி மனத்தில் ஏறும் என்ற கேள்விக்குக் கழகம் கண்ட விடைதான் மாலைச் சுண்டல். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் வேர்க்கடலை; அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு தொடங்கி, பொங்கலுக்குப் பிந்தைய திருப்புதல் தேர்வுகள் முடியும் வரை அது நிற்பதில்லை. கடலையை மளிகைக் கடைக்காரர் கொள்முதல் விலைக்கே தருகிறார். அவித்துத் தாளிக்கும் வேலையைத் தாய்மார்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்தக் கழகம் செய்யும் வேலைகள் அனைத்திலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இதுவே என்று உறுதியாகச் சொல்வேன். சுண்டல் தொடங்கிய பிறகு மாலை வகுப்பின் வருகைப் பதிவு உயர்ந்ததாக வகுப்பாசிரியர் கூட்டத்தில் சொன்னபோது எவருக்கும் வியப்பில்லை.

இதற்கு இணையாக நான் மதிப்பது, மாலை வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகள் வீடு திரும்புவதற்கான ஏற்பாடு. பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும் நகரப் பேருந்து அந்த நேரத்துக்கு மேல் கிடையாது. இருட்டிய பின் சோளக் காட்டு வழியே சைக்கிளில் போக எந்தத் தாயும் அனுமதிக்க மாட்டாள். அதனாலேயே முன்பு பல பெண்கள் மாலை வகுப்பைத் தவிர்த்தார்கள். கழகம் ஊர்வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து, அந்தந்த ஊர்ப் பெற்றோர் இருவர் வந்து அழைத்துச் செல்வது என்று முடிவு செய்து, யார் எந்தக் கிழமை என்ற பட்டியலைப் பள்ளி வாசலில் ஒட்டியது. இதற்கு நிதி எதுவும் தேவைப்படவில்லை. ஆலையில் இரவு முறைக்குப் போகும் தகப்பன், தன் முறையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு டார்ச்சோடு பள்ளி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கழகம் என்ற அமைப்பு எதற்காக இருக்கிறது என்று எவராவது கேட்டால் இந்தப் பட்டியலைத்தான் முதலில் காட்டுவேன்.

மாநில அளவிலான பெற்றோர் ஆசிரியர் கழகம் பொதுத்தேர்வு மாணவர்களுக்காக வெளியிடும் வினா வங்கியைப் பற்றியும் ஒரு சொல். தனியார் உரைநூல்களின் விலையோடு ஒப்பிட்டால் இது ஏழைப் பிள்ளைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது, பயிற்சிக்கு நன்று. எங்கள் கழகம் மொத்தமாக வாங்கி வந்து, வாங்க இயலாத பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. பாடநூலைப் படிக்காமல் இதை மட்டும் மனப்பாடம் செய்யும் பழக்கத்தை ஆசிரியர்கள் கண்டிக்க வேண்டும். அது நூலின் குறையாகாது.

இனி, எனக்கு உடன்பாடு இல்லாத பகுதிக்கு வருகிறேன். பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் காலியானபோது, கழகமே ஒருவரை நியமித்து மாதந்தோறும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தது. ஊரில் அவர்களைப் ‘பி.டி.ஏ. டீச்சர்’ என்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்ற இளம்பெண். பாடம் நடத்துவதில் எந்தக் குறையும் சொல்ல முடியாதவர். ஆனால் கோடை விடுமுறையில் அவருக்குச் சம்பளம் இல்லை. மகப்பேறு விடுப்பு இல்லை. நிரந்தர ஆசிரியர் மாறுதலில் வந்தால் மறுநாளே வேலை இல்லை. ஆலைக் கூலியில் மிச்சம் பிடித்துப் பெற்றோர் தரும் பணத்தில், அதே பெற்றோரின் மகளைப் போன்ற ஒரு பெண் குறைந்த கூலிக்கு உழைக்கிறாள் என்பது என்னை ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்துகிறது. 2022-ஆம் ஆண்டு, காலிப் பணியிடங்களை, பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிகமாக நிரப்ப அரசு அனுமதி அளித்தபோது, மாதத் தொகுப்பூதியமாக இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாயும் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாயும் முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. பிறகு அவை முறையே 12,000, 15,000, 18,000 என உயர்த்தப்பட்டன. அந்தத் தொகையை அரசு தருகிறது என்ற அளவில் அது கழகம் தன் பையிலிருந்து கொடுப்பதைவிட மேல். ஆயினும் ஆசிரியர் நியமனம் அரசின் கடமை. கழகம் ஒரு மாதம், இரண்டு மாதம் இடைவெளியை நிரப்பலாம். ஆண்டுக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருந்தால், இங்கே ஆசிரியர் இல்லை என்ற செய்தியே மேலிடத்தின் கவனத்துக்குப் போகாமல் மறைந்துவிடும். நியமனத் தீர்மானம் எழுதும் ஒவ்வொரு முறையும், பணியிடத்தை நிரப்பக் கோரும் மனுவையும் அதே கூட்டத்தில் எழுதி, மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் கழகம் முதல் வேலையைச் செய்தது. இரண்டாவதைச் செய்யப் பலமுறை வலியுறுத்த வேண்டியிருந்தது.

வரவு செலவுக் கணக்கு விஷயத்திலும் இதே மெத்தனம் உண்டு. கழகத்தின் அமைப்பில், பெற்றோர் ஒருவர் தலைவராகவும் தலைமையாசிரியர் செயலாளராகவும் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கையொப்பத்தில் இயக்குகிறார்கள். ஏற்பாடு சரியானதே. பணம் தவறாகப் போகிறது என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் வாங்கிய நன்கொடைக்கெல்லாம் ரசீது கொடுக்கப்படுவதில்லை. பொதுக்குழுவில் வரவு செலவை வாசிக்கும் வழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது. நாள்கூலியில் நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தவருக்கு அந்த நூறு ரூபாய் மோட்டார் பழுதுக்குப் போனதா, தூய்மைப் பணியாளரின் கூலிக்குப் போனதா என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. கணக்கை ஒரு முழுத்தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். அப்படி ஒட்டிய ஆண்டில் நன்கொடை தானாகவே கூடியது. புதிதாகச் சேரும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சந்தேகப்பட்டுக் கேட்பதாக எவரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கழகத்தோடு பள்ளி மேலாண்மைக் குழு என்ற இன்னோர் அமைப்பும் இருப்பதால் பலருக்குக் குழப்பம் ஏற்படுகிறது. கழகம் மரபால் வந்தது. குழு 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தால் வந்தது. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பையும் குழுவுக்கே தருகிறது. சட்டம் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது என்றாலும், உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளையும் உள்ளடக்கியே குழு செயல்படுகிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் பெற்றோரை ஒரே நாளில் கூட்டி விழிப்புணர்வு ஏற்படுத்தி, அதன் பின் 20 பேர் கொண்ட குழுக்களை மறுகட்டமைப்புச் செய்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். தலைவர் பொறுப்புக்குத் தாய் ஒருவரே தேர்ந்தெடுக்கப்படுகிறார். குழுவின் தீர்மானங்கள் செயலியில் ஏற்றப்படுவதால் அவை மேலே போய்ச் சேர்கின்றன; கழகத்தின் தீர்மானங்கள் புத்தகத்தோடு நின்றுவிடுகின்றன. ஆகவே வகுப்பறை, கழிவறை, சுற்றுச்சுவர், ஆசிரியர் பணியிடம் ஆகியவை பற்றிய கோரிக்கைகளைக் குழுவில் வைப்பதும், சுண்டல், வினா வங்கி, அன்றாடப் பழுது ஆகியவற்றைக் கழகத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது. எங்கள் பள்ளியில் இந்தப் பிரிவினை தெளிவான பிறகுதான் மாணவியர் கழிவறைக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. முன்பு கழகம் வாளி வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதையே ஓர் இயக்கமாக்கின. இன்று பல ஊர்களில் நடக்கும் கல்விச் சீர் அதன் தொடர்ச்சிதான்: பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடிநீர்க் குடம், நோட்டுப் புத்தகம் என்று தட்டுகளில் ஏந்தி, மேளதாளத்தோடு, பெண் வீட்டுக்குச் சீர் கொண்டு போவதைப் போல ஊரே பள்ளிக்குப் போகிறது. எங்கள் ஊரிலும் நடந்தது, மனம் நிறைந்தது. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். சீர் கொண்டுவருமுன் தலைமையாசிரியரிடம் தேவைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பள்ளிக்கு ஒரே நாளில் சுவர்க் கடிகாரங்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. அறிவியல் ஆய்வகத்துக்கு வேண்டிய குடுவைகள் வரவில்லை.

பெரிய செலவுகளுக்கு, 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவராகவும் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் தூதுவராகவும் அறிவிக்கப்பட்ட அதில், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் முன்னாள் மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் தரலாம். ஆய்வகம், திறன் வகுப்பறை போன்றவற்றுக்கு நல்ல வழி. மாதாமாதம் வரும் கடலைச் செலவுக்கு உள்ளூர்க் கழகம்தான் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால், வயலிலும் ஆலையிலும் இருப்பவர்கள் அன்றைய கூலியை இழந்துதான் வர வேண்டும். அதனால் கடை வைத்திருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களுமே பேசுகிறார்கள். மிகவும் தேவையுள்ள பிள்ளையின் தாய் பேசுவதே இல்லை. வருபவர்களிலும் பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து, தீர்மானம் வாசித்து முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கழகத்தின் பொதுக்குழுவை ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆலை முறை மாறும் நேரம் பார்த்து வைக்கலாம். இதற்கு மேலிடத்து அனுமதி எதுவும் தேவையில்லை. ஒரு முறை அப்படி வைத்தபோது வகுப்பறை போதாமல் மரத்தடிக்குப் போனோம். மகளுக்கு மாதவிடாய் நாளில் பள்ளியில் நாப்கின் மாற்ற இடமில்லை என்று ஒரு தாய் முதன்முறையாக எழுந்து சொன்னது அந்தக் கூட்டத்தில்தான். அடுத்த மாதமே தாழ்ப்பாளுடன் கதவும் மூடியிட்ட குப்பைக் கூடையும் வைக்கப்பட்டன.

குறைகளை எழுதியிருந்தாலும், எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சேருங்கள் என்றே சொல்வேன். சேர்ப்பதோடு நின்றுவிடாமல் கழகத்திலும் உறுப்பினராகுங்கள். வரும் ஜூன் மாதத்தில் கணக்குத்தாள் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறதா, பொதுக்குழு எந்தக் கிழமை, கணித ஆசிரியர் பணியிடத்துக்கான மனு எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்றையும் தலைமையாசிரியர் அறையில் கேளுங்கள். எங்கள் தலைமையாசிரியர் கேட்பவர்களை உட்கார வைத்துப் பதில் சொல்கிறவர்.