ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்: கம்பம், குமுளிப் பக்கத்துக் கணக்கும் கழன்று வரும் வழியும்

ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் என்றால், ஒரு பெரிய தொகையைக் கட்டிவிட்டு வருடத்துக்கு இத்தனை ராத்திரி (இங்கே 7 என்று வைப்போம்) கிளப்பின் ரிசார்ட்டுகளில் தங்கும் உரிமை. 25 வருட மெம்பர்ஷிப் எடுத்து அஞ்சாறு வருடம் ஓட்டியவர்கள் ரிசார்ட்டைக் குறை சொல்வது அபூர்வம். அறை சுத்தமாகத்தான் இருக்கும், சாப்பாடும் பரவாயில்லை. வேண்டிய நாளில் அறை கிடைக்காது என்பதுதான் ஒரே புலம்பல்.

கம்பம், போடி, குமுளிக்காரர்களுக்கு இது இன்னும் மோசம். ஏலக்காய்ப் பறிப்பு ஆடியில் பிடித்தால் தை வரை இழுக்கும். கார்த்திகை பிறந்ததும் குமுளியில் சாமிமார் கூட்டம். மகரவிளக்கு முடியும்வரை கடையை விட்டு நகர முடியாது. கை ஓய்வது பங்குனி, சித்திரையில்தான். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. கிளப்பின் காலண்டரில் அதுவே உச்ச சீசன். விலை குறைவு என்று கீழ் சீசன் (கூட்டம் குறைந்த நாட்களுக்கான) மெம்பர்ஷிப் வாங்கியவர் ஏப்ரல், மே பக்கத்தைத் திறந்தால் ஒரு தேதியைக்கூட அமுக்க முடியாது. ஆகஸ்ட் மழையில் மூணாறு தாராளமாகக் கிடைக்கும். போடிமெட்டு ஏறிக் காலையில் போய் ராத்திரி வீடு திரும்புகிறவருக்கு அது எதற்கு?

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு மெம்பர்ஷிப் 4 லட்சம் என்று வையுங்கள். 25 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 16,000. பராமரிப்புக் கட்டணம் 18,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,240. ஆக வருடம் 37,240 ரூபாய். 7 ராத்திரியும் தங்கினால் ராத்திரிக்கு 5,320. மூன்றே ராத்திரி கிடைத்தால் 12,400-ஐத் தாண்டும். கடன் வட்டியும், வருடா வருடம் ஏறும் பராமரிப்புக் கட்டணமும் இதில் சேரவில்லை. போகாத வருடத்துக்கும் அந்தக் கட்டணம் உண்டு என்பது விற்கிற அன்று யார் வாயிலும் வராது.

வெளியேற நினைப்பவர் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டது ஒரு நாளில் என்றாலும் கட்டியிருப்பது மூன்று கயிறு: மெம்பர்ஷிப் ஒப்பந்தம், இஎம்ஐ கடன், பராமரிப்புக் கட்டணம். ஒன்றை அறுத்தால் மற்றது தானாக அறாது. பெரும்பாலானவர்கள் கோபத்தில் முதலில் இஎம்ஐயை நிறுத்துகிறார்கள். அதுதான் பெரிய தப்பு. கடன் கொடுத்தது தனி நிதி நிறுவனம் என்றால் கிளப்போடு உங்களுக்குள்ள வழக்கு அதற்குப் பொருட்டில்லை. சிபில் ஸ்கோர் விழும். கணக்கில் பணமில்லாமல் நாச் (பேங்க் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) திரும்பினால், செக் திரும்பியது போலவே, 2007 பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்குக்கும் இடமுண்டு. முடிந்தால் கடனை முன்கூட்டி அடைத்துவிட்டு கிளப்பிடம் பணத்தைக் கேட்பது நல்லது.

வாங்கிச் சில நாள்தான் ஆகிறதா? இந்தியாவில் டைம்ஷேருக்கென்று, அதாவது இந்த வகை மெம்பர்ஷிப்புக்கென்று, தனிச் சட்டம் கிடையாது. பல ஒப்பந்தங்களில் 10 நாள் ரத்து அவகாசம் எழுதியிருப்பார்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்பதை அந்த வரியிலேயே பாருங்கள்; மெம்பர்ஷிப் கார்டும் மற்ற காகிதங்களும் தபாலில் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விற்றவரிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. “மேனேஜர்ட்ட பேசுறேன், ரெண்டு நாள் பொறுங்க சார்” என்பார், அந்த ரெண்டு நாளில் அவகாசம் கரைந்துவிடும். அன்றே ஈமெயில், மறுநாள் ஸ்பீட் போஸ்ட். டெலிவரி ஆன சான்றையும் எடுத்து வையுங்கள்.

அவகாசம் தாண்டிவிட்டால் ஒப்பந்தத்தின் பின்பக்கம் இருக்கும் ரத்து விதிதான் ஆரம்பப்புள்ளி. கட்டிய தொகையை நுழைவுக் கட்டணம், உரிமைக் கட்டணம் என்று பிரித்திருப்பார்கள். 60:40 என்றால் நுழைவுக் கட்டணமான 2,40,000 திரும்பி வராது. மீதி 1,60,000, வருடத்துக்கு 6,400. 6 வருடம் போக 19 வருடத்துக்கு 1,21,600. இரண்டு வருடப் பராமரிப்புப் பாக்கி 42,480-ஐக் கழித்தால் 79,120. பாக்கிக்கு வட்டி போட்டால் இன்னும் குறையும். வெளியேறுகிறேன் என்று எழுதிக் கொடுக்காமல் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நிறுத்தியவர்கள் நஷ்டப்படுவது இங்கேதான்.

கடிதத்தில் மெம்பர்ஷிப் எண், ஒப்பந்தத் தேதி, கட்டிய தொகை, அறை மறுக்கப்பட்ட ஒவ்வொரு தேதி, கேட்கும் தொகை, 15 நாள் கெடு ஆகியவை போதும். திட்டு வேண்டாம். இடமில்லை என்று காட்டும் திரையைத் தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கடிதம் போனதும் ஒரு மரியாதையான அழைப்பு வரும்: இன்னும் கொஞ்சம் கட்டினால் மேல் சீசனுக்கு மாற்றித் தருகிறோம் என்று. அது புது ஒப்பந்தம். பழைய குறையெல்லாம் தீர்ந்தது என்ற ஒரு வரி அதற்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எல்லையோரத்தாருக்கு ஒரு வசதி உண்டு: புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலும் தொடுக்கலாம், தொழில் செய்யும் இடத்திலும் தொடுக்கலாம். வீடு கம்பத்தில், கடை குமுளியில் என்றால் தேனியா இடுக்கியா என்பது உங்கள் விருப்பம். மும்பை நீதிமன்றம் மட்டுமே என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் இது நிற்கும். தகராறை நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும் என்ற ஒப்பந்த விதியும் நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். தீர்ப்பு 3 மாதத்தில் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். குறை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தங்கிய ராத்திரிகளை நீங்களே கழித்துக் கேட்டால் மனு நேர்மையாகத் தெரியும்.

இதற்கிடையில் “உங்க மெம்பர்ஷிப்புக்கு பார்ட்டி ரெடி, ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்க” என்று யாராவது அழைப்பார்கள். மறுவிற்பனையில் இது பழைய ஏமாற்று. வாங்குபவர்தான் காசு தர வேண்டும், விற்பவர் முன்பணம் கட்டுவது எந்த ஊர் வழக்கம்? கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சமரசம் ஆனால் மூன்று காகிதம் வாங்காமல் அசல் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்: மெம்பர்ஷிப் ரத்துக் கடிதம், பாக்கி இல்லை என்ற சான்று, கடன் முடிந்த சான்று. பிறகு பேங்குக்குப் போய் நாச் மேண்டேட்டை ரத்து செய்யுங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்குத் தனி மேண்டேட் இருந்தால் அதையும் அன்றே செய்துவிடுங்கள்.