கட்டுப் புதினாவா, மெந்தால் புதினாவா?

மாடியில் ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் எந்தப் புதினாவை வைப்பது? நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது கடையில் கட்டாக விற்கிற புதினாவோடு நின்றுவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

மெந்தால் புதினா வந்த கதை: லக்னோவில் வேலை பார்க்கும் நண்பர் ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி நாலு வேர்த்தண்டு கொண்டுவந்தார். அங்கே பாராபங்கிப் பக்கம், தலைவலித் தைலத்தில் சில்லென்று இருக்கச் சேர்க்கிற மெந்தாலுக்காக எண்ணெய் வடிக்க இதை வயல் வயலாகப் போடுகிறார்கள். இதற்கு நெருங்கிய சொந்தமான வயல் புதினாவோ ஐரோப்பா முதல் சைபீரியா வரை ஓடைக்கரையிலும் ஈர வயல் ஓரத்திலும் தானாக முளைக்கிற களை. தண்டு எல்லாப் புதினாவிலும் சதுரம்தான். வித்தியாசம் பூவில்: மெந்தால் புதினா இலைக் கக்கத்தில் வளையமாகப் பூக்கும், கட்டுப் புதினா நுனியில் கதிர் விடும்.

ருசியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மெந்தால் புதினாவில் ஒருநாள் சட்னி அரைத்தேன். ஒரு வாய் வைத்த மாமியார், "இது தோசைக்குத் தொட்டுக்கறதா, நெத்தியில தடவிக்கறதா?" என்றார். எலுமிச்சை ஜூஸில் இரண்டு இலை கிள்ளிப் போட்டால் மட்டும் அதை அடிக்க ஆளில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு: செத்துப்போனால் மறுபடி கிடைக்குமா?

புதினா கட்டாயம் ஒருநாள் சாகும். ஈரத்திலேயே வளர்ந்த சாதி. மண் ஒரு தடவை பாளமாக வெடித்தால் போதும். தண்ணீர் ஒழுங்காக விட்டாலும் வேர்த்தண்டு தொட்டிச் சுவரை ஒட்டியே ஓடும். கவிழ்த்துப் பார்த்தால் வெள்ளைக் கயிறு சுற்றிவைத்த மாதிரி இருக்கும், நடுவில் வழுக்கை. வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து நட்டே ஆக வேண்டும். இந்தத் தொல்லையில் இரண்டும் ஒன்றுதான்.

ஏப்ரலில் நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் இரண்டு தொட்டியும் வைக்கோல். மறுநாளே பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி, இலையைத் துவையலுக்கு உருவிக்கொண்டு, தடித்த தண்டுகளை டம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. மதிய வெயில் படாத மூலையில் நட்டேன்.

மெந்தால் புதினாவுக்கு நர்சரியில் கேட்டேன். "புதினாதானே சார்?" என்று கட்டுப் புதினாவையே எடுத்து நீட்டினார்.

நான் வளர்த்தது திருச்சி மொட்டைமாடியில், அதுவும் இரண்டே கோடை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கணக்கு மாறலாம். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டுக் கற்பூரவள்ளி வைக்கலாம். தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பஜ்ஜிக்கு ஆகும், பிரியாணிக்கு ஆகாது.