ஸ்பீக்கர் கேபிள்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களும் ஒன்பது ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. ஆம்ப்ளிஃபயர் இடப்பக்க மூலையில் இருப்பதால் இடது ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் கேபிள் போதும். வலது ஸ்பீக்கருக்கோ வாசல் நிலையைச் சுற்றிச் சுவரோரமாகக் கொண்டுசெல்ல 10 மீட்டர் வேண்டும்.

முதலில் நான் வாங்கியது, கடையில் 'ஸ்பீக்கர் ஒயர்' என்று கேட்டதும் அளந்து கொடுத்த, 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள கம்பி. பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சற்றே இடப்பக்கம் சாய்வதாகத் தோன்றியதால், பாலன்ஸ் குமிழை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தே இரண்டு ஆண்டுகள் கேட்டு வந்தேன். பிறகு ஒரு நாள் கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தபோது, செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. செம்புப் பூச்சிட்ட அலுமினியத்துக்குத் தூய செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்தடை உண்டு. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் 10 மீட்டர் கேபிள் என்பது 20 மீட்டர் கம்பி. கணக்கிட்டால் அதன் தடை 0.7 ஓமைத் தாண்டியது. ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்துக்குள், அதாவது 8 ஓமுக்கு 0.4 ஓமுக்குள், கேபிளின் தடை அடங்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கரும் ஒலியின் எல்லா அதிர்வெண்களிலும் 8 ஓமாக இருப்பதில்லை. சில இடங்களில் 4 ஓம் வரைகூட இறங்கும். அங்கெல்லாம் கேபிள் விழுங்கும் பங்கு கூடுவதால், ஒலியின் அளவு மட்டுமன்றி அதன் இயல்பும் சற்று மாறுகிறது.

அதை அகற்றிவிட்டு, மின்பொருள் கடையில் 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்புக் கம்பியை, ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்கிப் போட்டேன். தடை 0.14 ஓமாகக் குறைந்தது. பாலன்ஸ் குமிழ் பாதித் தூரம் நடுவுக்குத் திரும்பியது. மீதிப் பாதிக்குக் காரணம் கேபிள் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்: வலது ஸ்பீக்கருக்கு அருகில் சுவர் இல்லாமல் வாசல் திறந்திருந்ததே காரணம். இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் கேபிள் வெட்ட வேண்டும் என்று பலர் வற்புறுத்துவார்கள்; இந்தத் தடிமனில் 7 மீட்டர் வேறுபாடு ஒலியளவில் உண்டாக்குவது ஏறத்தாழ 0.1 டெசிபல்தான் என்பதால் நான் வெட்டவில்லை. நண்பர் ஒருவர் கொண்டுவந்த விலையுயர்ந்த கேபிளை, எது இணைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதபடி மனைவி மாற்றி மாற்றி இணைக்க, ஒரு மாலை முழுவதும் கேட்டேன். என்னால் வேறுபடுத்த முடியவில்லை.

உண்மையான தொல்லை கம்பியில் அன்று, நுனியில் வந்தது. நான்காம் ஆண்டில் வலது ஸ்பீக்கர் விட்டுவிட்டுக் கரகரத்தது. திருகைக் கழற்றிப் பார்த்தால், உப்புக் காற்றில் இழைகள் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. நுனிக்கு ஈயப்பற்று வைத்துத் திருகினேன். பற்று அழுத்தத்தில் மெல்ல நசுங்கிச் சில மாதங்களிலேயே பிடி தளர்ந்தது, அதனால் அந்த வழியை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுதியில் களிம்பேறிய பகுதியை வெட்டியெறிந்து, புதிதாக உரித்த இழைகளைப் பனானா பிளக்கில் (துளையில் செருகும் உலோக முனை) இறுக்கி, அதன் வாயைச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினேன். மீண்டும் இணைக்கும்போது ஒரு பக்கத்தில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த நாதம் தரும் பக்கம்) நாதம் மெலிந்து ஒலித்ததைக் கேட்டே கண்டுபிடித்தேன். அதன்பின் ஆண்டுதோறும், மழைக்காலம் முடிந்ததும், நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். கரகரப்பு திரும்பவில்லை. கேபிள் அதே 2.5தான்.